வெங்காயப் பட்டறையும் ரூட்டர் ரேக்கும்

மாசி மாதம் சென்னையிலிருந்து நண்பர் ஒருவர் குடும்பத்தோடு எங்கள் ஊருக்கு வந்திருந்தார். சின்ன வெங்காயம் பிடுங்கிப் பட்டறை போட்டிருந்த நேரம். கொல்லையைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில், ஒரு சிட்டா நகல் எடுக்க ஊராட்சி சேவை மையத்துக்குள் நுழைந்தேன். அவரும் கூடவே வந்தார். உள் அறையில் இருந்த இரும்புப் பெட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடிக் கதவு, உள்ளே மினுக் மினுக்கென்று பச்சை விளக்கு, பக்கத்தில் யுபிஎஸ்.

“எங்க ஆபீஸ்ல இருக்கிற அதே ரேக்குங்க இது! இந்த ஊருக்கு எப்படி வந்துச்சு? இந்த ரூம்ல வைக்கணும்னு யார் முடிவு பண்ணினது?” என்று கேட்டார்.

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம், அரசாங்கத் திட்டம் என்று. இரண்டாவது கேள்விக்கு அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து பேசியும் முடியவில்லை. ஏனென்றால் அந்தப் பெட்டி வைக்க இடம் தேடிய கதை, எங்கள் ஊர் வெளியுலகத்தோடு பேசக் கற்றுக்கொண்ட கதைதான். அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்ணைக்கு வந்த தந்தி

எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டமும் அரியலூர் மாவட்டமும் கை குலுக்கிக்கொள்கிற இடத்தில் இருக்கிறது. என் தாத்தா காலத்தில் இதெல்லாமே திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. 2001 ஜனவரியில் அரியலூரைத் தனியாகப் பிரித்தார்கள். 2002 மார்ச்சில் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-ல் திரும்பவும் பிரித்தார்கள். ஒரு பட்டா மாறுதலுக்கு எந்த ஊர் ஆபீசுக்குப் போவது என்று எங்க அப்பாவே குழம்பிப் போன காலம் அது.

அதற்கெல்லாம் முன்னால், ஊருக்குச் செய்தி வருகிற ஒரே இடம் தபால் பெட்டி தொங்கிய திண்ணை. கிளை அஞ்சலகம் என்று பெயர். உண்மையில் அது போஸ்ட்மாஸ்டர் வீட்டு முன்பக்கம். இந்தியாவில் தந்திக் கம்பி இழுக்க ஆரம்பித்தது 1850-களில். ஆனால் கம்பி ஊர் ஊருக்கு வந்துவிடவில்லை. தந்தி பெரிய ஆபீசில் இறங்கும். அங்கிருந்து சைக்கிளில் ஆள் வரவேண்டும். தந்தி என்றாலே சாவு என்றுதான் அர்த்தம். சைக்கிள் மணிச் சத்தம் தெருவில் கேட்டதுமே அழ ஆரம்பித்துவிடுவார்கள், பிரித்துப் படிப்பதற்கு முன்பே. 2013 ஜூலையில் தந்திச் சேவையை மூடினார்கள். சென்னையில் கடைசி நாளில் வரிசையில் நின்று ஞாபகத்துக்காகத் தந்தி அனுப்பினார்களாம். எங்கள் ஊரில் யாரும் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

எங்கள் வீட்டு போன்

தொண்ணூறுகளில் ‘கிராமத்துக்கு ஒரு பொதுத் தொலைபேசி’ என்று அரசு கொள்கை வகுத்தது. 1994-ல் வந்த தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையில், 1997-க்குள் எல்லாக் கிராமங்களுக்கும் போன் என்று இலக்கு போட்டிருந்தார்கள். போனைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஒருவர் பொறுப்பு ஏற்கவேண்டும். அவர் வீட்டிலோ கடையிலோ வைப்பார்கள். எங்கள் ஊரில் அது எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. மச்சு வீடு, பூட்டு போட்ட கதவு, எப்போதும் ஆள் இருப்பார்கள் என்பதுதான் காரணம். தப்பான காரணம் என்று சொல்ல முடியாது. பொருள் பத்திரமாக இருக்கவேண்டும் என்று பார்த்தால் அதுதான் சரியான இடம்.

ஆனால் யார் வந்து பேசுவார்கள் என்று யாரும் பார்க்கவில்லை.

காலனி என்று அப்போது நாங்கள் சொன்ன தெற்குத் தெருக்காரர்கள் எங்கள் திண்ணையில் ஏறமாட்டார்கள். ஏறக்கூடாது என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. ஏறச் சொல்லி அழைத்ததும் இல்லை. அவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நிற்பார்கள். நம்பரை அப்பா சுழற்றுவார். “என்ன சொல்லணும்?” என்று கேட்டு அப்பாவே பேசிவிட்டு, அந்தப் பக்கம் சொன்னதைத் திருப்பிச் சொல்வார். ஊர்ப் பொது போன் என்று பேர். அவர்கள் காதில் அந்த ரிசீவர் பட்டதே இல்லை.

1998 ஐப்பசி. நல்ல மழை. ராத்திரி எட்டு மணி இருக்கும், சென்னையிலிருந்து ஒரு போன். கட்டட வேலைக்குப் போயிருந்த தெற்குத் தெருப் பையன் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான், அம்மா அப்பாவை உடனே அனுப்பி வையுங்கள் என்றார்கள். கரண்டு இல்லை. தெருவில் முழங்கால் சேறு. “விடியட்டும், சொல்லிக்கலாம்” என்றார் அப்பா. எனக்கு அப்போது 19 வயசு. சைக்கிள் இருந்தது. டார்ச் லைட்டும் இருந்தது. நானும் படுத்துவிட்டேன்.

காலையில் சொன்னோம். அவர்கள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். பையன் மதியமே போய்விட்டான். ராத்திரியே சொல்லியிருந்தால், பெரம்பலூர் போய்ச் சென்னை பஸ் ஏறியிருப்பார்கள். விடியும்போது பிள்ளை முகத்தைப் பார்த்திருப்பார்கள். அந்த அம்மா அதற்கப்புறமும் பல வருஷம் எங்கள் கொல்லைக்குக் களை வெட்ட வந்தார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது அவரும் இல்லை.

ஒரு கருவியை எங்கே வைக்கிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிந்தது அந்த ஐப்பசியில்தான்.

ஏசி கேட்காத எக்ஸ்சேஞ்ச்

எங்கள் வீட்டுக்கு வந்த ஒயர் சும்மா வரவில்லை. நாலு கிலோமீட்டர் தள்ளி, வாடகைக் கட்டடத்தில் இருந்த சின்ன எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது. போன் ரிப்பேர் என்று சொல்லப் போகும்போது ஒன்றிரண்டு முறை உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறேன். ஆள் உயர இரும்புச் சட்டம், அதில் வரிசை வரிசையாகச் செருகிய அட்டைகள், பக்கத்து அறையில் பேட்டரிகள். ஆசிட் வாடை மூக்கில் ஏறும்.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். எண்பதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கிய எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சுகளுக்கு ஏசி அறை வேண்டும், தூசு ஆகாது, கரண்டு நிற்கக்கூடாது. நம் ஊர்க் கிராமத்தில் இது மூன்றும் கிடையாது. 1984-ல் சாம் பிட்ரோடாவின் முயற்சியில் சி-டாட் என்ற ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார்கள். அங்கிருந்த இளம் என்ஜினீயர்கள் 128 இணைப்பு முனைகள் கொண்ட ஒரு கிராமத்து எக்ஸ்சேஞ்சை உருவாக்கினார்கள். ராக்ஸ் என்று அதற்குப் பேர். அதை முதன்முதலில் 1986-ல் கர்நாடகாவில் கித்தூரில் வைத்தார்கள். அதன் விசேஷமே ஏசி வேண்டாம் என்பதுதான். மின்சாரம் குறைவாகத் தின்னும்படி அமைத்ததால் சூடும் குறைவு. சாதாரண ஓட்டுக் கட்டடத்திலும் ஓடும்.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், அறையைப் பெட்டிக்குத் தகுந்த மாதிரி மாற்றச் சொல்லாமல், பெட்டியை அறைக்குத் தகுந்த மாதிரி செய்தார்கள். விதையை மண்ணுக்குத் தகுந்த மாதிரி தேர்ந்தெடுப்பது போல.

அதே காலத்தில் இன்னொரு முயற்சியும் நடந்தது. கம்பி போகாத கிராமங்களுக்கு ரேடியோ அலை மூலம் பொதுத் தொலைபேசி கொடுத்தார்கள், மார் என்று சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பேட்டரி, மின்சாரம், பராமரிப்பு என்று எல்லாவற்றிலும் சிக்கல் வந்து பல இடங்களில் பேசாமல் கிடந்தது. பிற்பாடு அவற்றை மாற்றவேண்டி வந்தது. ஊருக்குக் கருவி வந்தால் மட்டும் போதாது, அதற்குச் சோறு தண்ணி வைக்க ஆள் வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்த பாடம்.

கண்ணாடி இழை வந்த கதை

2011 அக்டோபர் 25-ல் மத்திய அமைச்சரவை தேசிய கண்ணாடி இழை வலையமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நாட்டில் உள்ள சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கேபிள் என்பது இலக்கு. பிற்பாடு அதற்குப் பாரத்நெட் என்று பேர் மாறியது. தமிழ்நாட்டில் இது இரண்டாம் கட்டத்தில், மாநில அரசே செய்கிற முறையில் வந்தது. இதற்காகத் தமிழ்நாடு ஃபைபர்நெட், சுருக்கமாக டான்ஃபிநெட், என்ற அரசு நிறுவனத்தை அமைத்தார்கள். 12,525 ஊராட்சிகள் கணக்கு. 2020 ஜூனில் டெண்டரை ரத்து செய்து மறுபடி கோரவேண்டி வந்தது. அப்புறம் 2022 ஜூனில் கன்னியாகுமரி மாவட்டத்தில் பணியைத் தொடங்கினார்கள்.

எங்கள் இரண்டு மாவட்டக் கணக்கு இது: பெரம்பலூரில் பெரம்பலூர், வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர் என 4 ஒன்றியம், 121 ஊராட்சி. அரியலூரில் அரியலூர், திருமானூர், செந்துறை, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், தா.பழூர் என 6 ஒன்றியம், 201 ஊராட்சி. ஆகமொத்தம் 322. அதாவது 322 அறைகள் தேடவேண்டும். செய்தித்தாளில் கிலோமீட்டர் கணக்கும் கோடிக் கணக்கும்தான் வரும். இந்த அறைக் கணக்கு வராது.

கேபிளில் பெரும்பகுதி, 100-க்கு 85 பங்கு, மின்கம்பங்கள் மேலேயே வரும், மிச்சம் தரைக்கு அடியில் என்று திட்டம். ஒரு ஊராட்சிக்கு 1 ஜிபிபிஎஸ் வேகம். கேபிள் வந்து முடிகிற இடத்தில் ரேக், ரூட்டர், யுபிஎஸ். இவற்றை ஊராட்சி சேவை மையத்திலோ வேறு அரசுக் கட்டடத்திலோ வைக்கவேண்டும், அறை சுத்தமாக இருக்கவேண்டும், வேறு பொருள் எதுவும் அங்கே போடக்கூடாது, மின் இணைப்பு தொடர்ந்து இருக்கவேண்டும், ஊராட்சித் தலைவர் இதைக் கண்காணிக்கவேண்டும் என்று மாவட்டம் மாவட்டமாக அறிவிப்பு வந்தது. அதிலேயே இன்னொரு வரியும் உண்டு: கண்ணாடி இழையில் தாமிரம் போன்ற உலோகம் எதுவும் கிடையாது. செம்புக் கம்பி என்று நினைத்து அறுத்துக்கொண்டு போய்விடக்கூடாதே என்பதற்காகத்தான்!

அறை தேடிய நாட்கள்

எங்கள் ஊரில் இரண்டு இடம் கைவசம் இருந்தது. ஒன்று கோயிலை ஒட்டின சமுதாயக் கூடம். புதுக் கட்டடம், புது ஒயரிங், கிரில் கேட், விசாலமான அறை. இன்னொன்று சேவை மையம். அது வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் சந்திக்கிற ரோட்டில் இருக்கிறது. அறை சின்னது, மேற்குச் சுவரில் மத்தியானத்துக்கு மேல் வெயில் அறைகிறது. பார்வையிட வந்த தம்பி இரண்டையும் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஓகே சார். மொதல் இடத்துல வேலை சுளுவு” என்றார்.

அவர் எதையெல்லாம் பார்த்தார் என்று நானும் கூடவே போய்ப் பார்த்தேன். நம் விவசாயிக்குப் புரியாதது அதில் ஒன்றுமே இல்லை. வெங்காயப் பட்டறை போடத் தெரிந்தவனுக்கு ரூட்டர் அறை தெரியும் என்று அப்போதுதான் தோன்றியது.

பட்டறை தெரியாத நகரத்து நண்பர்களுக்காகச் சொல்கிறேன். சின்ன வெங்காயத்தைப் பிடுங்கியதும் விலை இருக்காது. மூன்று நாலு மாதம் வைத்திருந்து விற்கவேண்டும். அதற்கு மேட்டு இடமாகப் பார்த்து, தரையிலிருந்து உயர்த்தி, இரண்டு பக்கமும் படல் கட்டி, குறுகலாக நீளமாகப் பட்டறை போடுவோம். வெங்காயம் மூச்சு விடும், சூடு கக்கும். அடியிலும் பக்கத்திலும் காற்று புகுந்து வெளியே போகவேண்டும். மேலே கூரையில் ஒரு பொட்டு ஒழுகினால் முழுப் பட்டறையும் அழுகும். அகலம் அதிகமாகப் போட்டால் நடுவில் இருக்கிறது வெந்துவிடும்.

ரேக்கும் அதேதான். உலகம் முழுக்க அதற்கு ஒரே அளவு. கருவியின் முன்பக்க அகலம் 19 அங்குலம். உயரத்தை ‘யு’ என்று அளக்கிறார்கள். 1 யு என்றால் ஒன்றே முக்கால் அங்குலம். 12 யு ரேக் என்றால் உள்ளே 21 அங்குல உயரத்துக்குக் கருவி அடுக்கலாம். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரிலேக்களை மாட்டிய சட்டத்தின் வாரிசுதான் இது. உள்ளே இருக்கிற கருவி எத்தனை வாட் மின்சாரம் தின்கிறதோ அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். 150 வாட் என்றால், பழைய 75 வாட் குண்டு பல்பு இரண்டை ஒரு பெட்டிக்குள் இரவும் பகலும் எரியவிட்ட மாதிரி. சித்திரை வைகாசியில் இங்கே வெளியிலேயே 40 டிகிரி தாண்டும். அதனால் வெயில் அறைகிற சுவரில் மாட்டக்கூடாது, முன்னும் பின்னும் காற்றுக்கும் கை நுழையவும் இடம் விடவேண்டும், கதவு முழுசாகத் திறக்கவேண்டும்.

அடுத்தது மண்ணும் தூசும். எங்கள் பூமிக்கு அடியில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. சாத்தனூரில் கல்லாகிப் போன மரத்தைப் போய்ப் பாருங்கள், தெரியும். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் அரியலூரைச் சிமெண்ட் ஊராக்கியது. சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டோரம் ஜன்னல் வைத்தால், ஒரே மாதத்தில் ஃபேனில் வெள்ளைப் படலம் உட்கார்ந்துவிடும். எங்கள் பக்கம் மக்காச்சோளம் அடிக்கிற காலத்தில் பறக்கிற சுணை இன்னொரு தொல்லை. திருமானூர், தா.பழூர் பக்கம் கொள்ளிடக் கரை ஊர்களில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: வெள்ளம் வந்தால் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் ஏறும்? அதை அளவுகோலில் பார்க்க முடியாது, ஊர்ப் பெரியவர்களிடம்தான் கேட்கவேண்டும்.

மூன்றாவது கரிசல். மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். கரிசல் மேல் அடித்தளம் ஆழமாகப் போடாத கட்டடத்தில் சுவர் விரிசல் சகஜம். சுவரில் மாட்டுகிற ரேக் என்றால் ஒன்பது அங்குலச் சுவரா, நாலரை அங்குலத் தடுப்பா என்று தட்டிப் பார்த்தே ஆகவேண்டும். எர்த் குழியும் இதே பாடுதான். ஈரமாக இருக்கிற வரைக்கும் கரிசல் நல்ல எர்த். கோடையில் வெடித்து மண்ணும் தகடும் ஒட்டாமல் போனால், இடி விழுகிற முதல் கோடைமழையில் எல்லாம் போச்சு. கரியும் உப்பும் போட்டு, கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் வெடித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவேண்டாம்.

நாலாவது கரண்டு. கணக்கு எளிதுதான். 12 வோல்ட், 100 ஆம்பியர் பேட்டரி ஒன்று முழுசாக நிரம்பியிருந்தால் 1,200 வாட்-மணி. அடி மட்டம் வரை உறிஞ்சினால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். பாதியோடு நிறுத்திக்கொண்டால் 600. அதற்கு 150 வாட் கருவி நாலு மணி நேரம் தாங்கும். அதிலும் யுபிஎஸ் கொஞ்சம் தின்றுவிடும். உங்கள் ஊரில் புயல் மழைக்கு எத்தனை மணி நேரம் கரண்டு போகும் என்பதை வைத்துத்தான் பேட்டரி முடிவு பண்ணவேண்டும்.

அப்புறம் கேபிள் நுழைகிற வழி. கண்ணாடி இழையை முறுக்கி மடக்கக்கூடாது. இழுக்கும்போது கேபிள் தடிமனைப் போல 20 மடங்குக்குக் குறையாத வளைவு வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கம்பத்திலிருந்து அறைக்கு நேராக வழி இருக்கிறதா, குறுக்கே டிப்பர் லாரியும் கரும்பு லோடும் போகிற உயரம் கிடைக்கிறதா என்று பார்த்தார். கடைசியாக எலி, அணில், பல்லி, குளவி. குளவியை நான்தான் ஞாபகப்படுத்தினேன். நம் ஊரில் எந்த ஓட்டை கிடைத்தாலும் மண் கூடு கட்டிவிடும், அதனால் காற்றுத் துவாரத்துக்குச் சன்ன வலை போடுங்கள் என்றேன். அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்.

இவ்வளவும் பார்த்தால் சமுதாயக் கூடம்தான் ஜெயிக்கிறது. கூட்டத்தில் ஏறக்குறைய முடிவே ஆகிவிட்டது. அப்போது தெற்குத் தெரு மகளிர் குழு அக்கா எழுந்தார்.

“பொட்டி எங்க வேணும்னாலும் இருக்கட்டுங்க. ஆனா நாங்க செருப்பு போட்டுக்கிட்டு வர்ற எடத்துல வைங்க.”

கூட்டம் அமைதியாகிவிட்டது. சிலருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கோயில் வாசல் வழியாகத்தான் சமுதாயக் கூடத்துக்குப் போகவேண்டும். யாரும் தடுக்கமாட்டார்கள். யாரும் அழைக்கவும் மாட்டார்கள். எங்கள் திண்ணை மாதிரியே. பெட்டி இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் நாளைக்குக் கம்ப்யூட்டர் வரும், வைஃபை வரும், சான்றிதழ் போடுகிற ஆள் உட்காருவார். இன்றைக்கு நூறு நாள் வேலைக்கு வருகைப்பதிவே மொபைல் செயலியில். ரேஷனுக்குக் கைரேகை. கிசான் தவணைக்குக் கேஒய்சி. பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல். நெட் கிடைக்கிற இடம் யாருக்கு எட்டுகிறதோ அவருக்குத்தான் இதெல்லாம் எட்டும்.

நான் எழுந்து, சேவை மையமே இருக்கட்டும் என்றேன். “அந்த ரூம் சூடு ஆச்சேப்பா?” என்று மாமா ஒருவர் கேட்டார். “சூட்டுக்கு வழி பண்ணலாம் மாமா, இதுக்கு வழி பண்ண முடியாது” என்றேன். 1998 ஐப்பசியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை. ஆனால் அங்கே இருந்த வயசானவர்கள் சிலருக்கு ஞாபகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். யாரும் மறுக்கவில்லை.

மேற்குச் சுவரை விட்டுவிட்டு உள்பக்கச் சுவரில் இடம் ஒதுக்கினோம். மேற்கே வெளியில் ஒரு வேப்பங்கன்று வைத்தோம். மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினோம். சுண்ணாம்புக்குத்தான் இங்கே பஞ்சமே இல்லையே!

ப்ளீச்சிங் பவுடர்

இவ்வளவு பேசிய நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். ரேக் மாட்டி ஆறு மாதம் இருக்கும். மேல்நிலைத் தொட்டிக்குப் போடுகிற ப்ளீச்சிங் பவுடர் மூட்டைகள் வந்து இறங்கின. மழை வருகிற மாதிரி இருந்தது. “அந்த ரூம்ல போடுப்பா, பூட்டு இருக்கு” என்று கை காட்டியது நானேதான். பத்திரமான அறை என்றால் அதில் எல்லாவற்றையும் போடவேண்டும் என்பது நம் ரத்தத்திலேயே ஊறிப்போயிருக்கிறது.

மூன்று மாதம் கழித்துச் சரிபார்க்க வந்த தம்பி ரேக் கதவைத் திறந்தார். திருகுகள் எல்லாம் துருப்பிடித்து, செம்பு முனைகள் பச்சை பூத்திருந்தன. ப்ளீச்சிங் பவுடரிலிருந்து வருகிற குளோரின் காற்று உலோகத்தை அரிக்கும். யுபிஎஸ் ஃபேன் அதை இழுத்து இழுத்து உள்ளே விட்டிருக்கிறது. “அறையில் வேறு பொருள் வைக்கக்கூடாது” என்று அறிவிப்பில் போட்டிருந்த வரிக்கு அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது. வெங்காயப் பட்டறைக்குப் பக்கத்தில் சாண எரு கொட்டுவேனா? மாட்டேன். தெரிந்த பொருள் என்பதால் மாட்டேன். இந்தப் பெட்டி இன்னும் நம் பொருளாக மனசில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

மூட்டையை அன்றைக்கே தூக்கினோம். முனைகளைச் சுத்தம் செய்து சிலவற்றை மாற்றினார். நல்லவேளை, ரூட்டர் தப்பித்தது.

சாவி

எங்கள் ஊர் உட்பட 28 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்தது. நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தலைவர் கண்காணிப்பார் என்று போட்ட ஏற்பாட்டில், தலைவரே இல்லாதபோது அறையின் சாவி யாரிடம்? சின்னக் கேள்விதான். ஆனால் யுபிஎஸ் பீப் பீப் என்று கத்தும்போது கதவைத் திறக்க ஆள் இல்லையென்றால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இழுத்த கேபிளுக்கு எங்கள் ஊரைப் பொறுத்தவரை அர்த்தம் இல்லை.

இப்போது ஒரு சாவி ஊராட்சிச் செயலரிடம். இன்னொன்று அந்த மகளிர் குழு அக்காவிடம். அவர்தான் வாரத்துக்கு ஒருமுறை கூட்டிப் பெருக்கி, கோடையில் எர்த் குழிக்கு ஒரு குடம் ஊற்றுகிறார். எழுதிவைத்த ஏற்பாடு ஒன்றும் இல்லை, ஊர் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. போன வாரம் மழை ராத்திரியில் கரண்டு போய் ரொம்ப நேரம் வரவில்லை. டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு அறையைப் பார்க்கப் போனேன். எனக்கு முன்னால் அவர் அங்கே வந்திருந்தார், செருப்பைக் கழற்றாமல், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு.

“பேட்டரி இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும் போலருக்கு அண்ணே. நீங்க போய்ப் படுங்க” என்றார்.

நான் படுக்கப் போகவில்லை. கரண்டு வருகிற வரைக்கும் வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம்.

நண்பர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இதுதான் என் பதில். உங்கள் அபார்ட்மென்டிலும் மாடிப்படிக்கு அடியில் எங்கேயோ இப்படி ஒரு பெட்டி இருக்கும். அடுத்த முறை கடந்து போகும்போது அதன் மேல் யாராவது பழைய சாமான் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சாவி யாரிடம் என்றும் கேட்டு வையுங்கள்.